கோலாலம்பூரைச் சுற்றி ஒரு பச்சை வளையம்: காடு இருக்கிறது, இணைப்பு எங்கே?

கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்தின் பரப்பு 243 சதுர கிலோமீட்டர். அந்த எல்லைக்குள் மட்டும் காட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். நகர நடுவில் புக்கிட் நானாஸ் இருக்கிறது. 1906ல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. இன்று மிஞ்சியிருப்பது 10 ஹெக்டருக்கும் குறைவு. அதன் உச்சியில் 1996ல் திறந்த கே.எல். கோபுரம். மேற்கே புக்கிட் கியாரா, வங்சா மாஜு பக்கம் புக்கிட் டிண்டிங், அப்புறம் அங்கங்கே சில பூங்காக்கள். அவ்வளவுதான்.

எல்லைக்கோட்டை அழித்துவிட்டுப் பாருங்கள், படமே மாறிவிடும். வடமேற்கில் கெப்போங்கில் ஃப்ரிம் என்னும் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் வளாகம், அதை ஒட்டி புக்கிட் லாகோங் காப்புக் காடு. அங்கிருந்து வடக்கே கஞ்சிங், டெம்ப்ளர் பூங்கா. வடகிழக்கில் கோம்பாக் மலைகள், கிள்ளான் கேட்ஸ் அணைக்கு மேலே நிற்கும் வெண்படிகப் பாறைத் தொடர். கிழக்கே அம்பாங், உலு லங்காட் காடுகள். தெற்கே பூச்சோங் பக்கம் ஆயர் ஹீத்தாம். மேற்கே கோத்தா டாமன்சாரா சமூகக் காடு. நகரத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம் போடவேண்டும் என்று யாராவது இனிமேல் வந்து சொன்னால், பாதிக்கு மேல் ஏற்கெனவே கிடக்கிறது என்று தைரியமாகப் பதில் சொல்லலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் காடுகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய இடங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன: ஒரு ஆற்றோரம், ஒரு மலைச்சரிவு, மின்கோபுரங்கள் போகும் பாதை, பழைய தோட்ட நிலத்தின் ஒரு ஓரம். இவற்றுக்குக் காடு என்ற பெயர் கிடையாது. அதனால் காப்பாரும் கிடையாது. பச்சை வளையத் திட்டம் என்றால் மரம் நடும் விழா இல்லை, இந்த இணைப்புகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகப் பிடித்து வைப்பதுதான் என்பது என் வாதம். அதை வளையத்தின் ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்க்கிறேன்.

லண்டன் மாதிரி இங்கே வேகாது

பச்சை வளையம் என்றதும் நகரத் திட்டக்காரர்கள் லண்டனைக் காட்டுவார்கள். 1938ல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. நகரம் இதற்கு மேல் பரவக்கூடாது என்று ஒரு வேலி போடுவதுதான் அதன் அடிப்படை எண்ணம். கோலாலம்பூரும் சுற்று ஊர்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. ரவாங், காஜாங், செமினி, ஷா ஆலம் என்று நகரம் காடுகளைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் ஊன்றிவிட்டது. காட்டுக்கு உள்ளேயும் வீடு, வெளியேயும் வீடு.

ஆக, இங்கே வளையத்தின் வேலை நகரத்தை நிறுத்துவது அல்ல. மூன்று காரியங்களுக்காக அது வேண்டும். ஒன்று தண்ணீர்: மலைக்காடு மழையைப் பிடித்து மெதுவாக விட்டால்தான் கீழே அணையும் ஆறும் தாங்கும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இரண்டாவது வெப்பம். மூன்றாவது, காட்டில் இருக்கிற உயிர்கள் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக வழி. முதல் இரண்டையும் தனித்தனிப் பூங்காக்களே ஓரளவு செய்துவிடும். மூன்றாவதற்குத்தான் தொடர்ச்சி கட்டாயம் வேண்டும், அதைத்தான் எல்லாத் திட்டங்களும் கடைசியில் எழுதுகின்றன.

தொடர்ச்சி அறுந்தால் என்ன ஆகும் என்பது கண்ணுக்குத் தெரிய வெகுநாள் ஆகும். தனித்துப்போன காட்டின் ஓரங்களில் வெயிலும் காற்றும் உள்ளே புகுகின்றன; கொடிகள் ஏறுகின்றன; நிழல் கேட்கும் கன்றுகள் பிழைப்பதில்லை. துண்டு சிறிதாக இருந்தால் முழுவதுமே ஓரம்தான், நடு என்று ஒன்று இருக்காது. மிருகங்களோ தங்களுக்குள்ளேயே இனம்பெருக்கிச் சுருங்கிக்கொண்டு போகும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குப் பச்சையாகத்தான் தெரியும்.

முதல் வளையம் தோட்டங்கள்தான்

நம் ஆட்களுக்கு ஒன்று நினைவிருக்கும். இந்த நகரத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம் முன்பு இருந்தது. அதைத் திட்டம் போட்டு யாரும் வரையவில்லை. ரப்பர் தோட்டங்கள். இன்றைய சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீஃபீல்டு தோட்டம். பண்டார் உத்தாமா எஃபிங்காம் தோட்டம். 1998 காமன்வெல்த் போட்டிக்கு விளையாட்டு வளாகம் எழுந்த புக்கிட் ஜாலில் தோட்டம்தான். புத்ராஜெயாவுக்கு அடியில் பிரங் பெசார் தோட்டமும் அதன் அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் கிடக்கின்றன. அங்கே பால் வெட்டிய குடும்பங்கள் டெங்கில் பக்கம் அடுக்குமாடிக்குப் போனார்கள்.

ரப்பர் காடு ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஒரே மரம், ஒரே வரிசை. ஆனால் இரண்டு மலைக்காடுகளுக்கு நடுவே பால்மரம் நின்றால் பறவை கடக்கும், புனுகுப்பூனை கடக்கும், பன்றி கடக்கும். அங்கே டோல் சாவடி நின்றால் கடக்காது. தோட்டத்தில் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள், கோயில், பள்ளி, பந்து விளையாடும் திடல் எல்லாம் இருந்தும் மரத்தொடர்ச்சி அறுபடவில்லை. 1970களிலிருந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறியபோது இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடந்தது: காடுகளுக்கு இடையே இருந்த இணைப்பு போயிற்று, அங்கே வாழ்ந்தவர்களின் வீடும் போயிற்று. நகரத் திட்ட ஆவணங்கள் இவற்றை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாக எழுதுகின்றன, ஒன்று சுற்றுச்சூழல் அத்தியாயத்தில், மற்றொன்று குடியிருப்பு அத்தியாயத்தில். நிலம் ஒன்றுதான்.

புக்கிட் காசிங்கில் ஏறிப் பார்த்தால் இது விளங்கும். சிவன் கோயிலுக்குப் போகிற நாளில் அந்தப் பக்கம் நடக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள், பழைய பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கு இடையில் காட்டு மரங்கள் தாமாகவே எழுந்து வந்துவிட்டன. கியாராவிலும் அதே கதை. விட்டு வைத்தால் தோட்டம் காடாகிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி கெப்போங்கில் இருக்கிறது. ஃப்ரிம் வளாகம் 1920களில் ஈயம் தோண்டிப் பாழான நிலமும் காய்கறித் தோட்டங்களும். அதில் மரம் நட்டு வளர்த்த காடுதான் இன்று நாம் பார்ப்பது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்தது. லொம்பம், அதாவது ஈயம் தோண்டிய நிலம், காடாகி உலகப் பாரம்பரியம் ஆவதற்கு நூறு ஆண்டுகூடத் தேவைப்படவில்லை.

வடக்கும் கிழக்கும்: ஒரே வேலை, இரண்டு விதம்

செலாயாங்கிலிருந்து ரவாங் போகும் பழைய கூட்டரசுச் சாலை கஞ்சிங் காட்டை ஒட்டித்தான் போகிறது. நெரிசல் தாங்காமல் மாற்றுச்சாலை கேட்டார்கள். நேராகக் காட்டை வெட்டிக்கொண்டு போவதுதான் எளிதான வழி. ஆனால் அங்கே கியாம் கஞ்சிங் என்ற மரம் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். கடைசியில் சாலையின் ஒரு நீண்ட பகுதியை உயரமான தூண்களின் மேல் தூக்கிக் கட்டினார்கள். 2017ல் அது திறந்தது. கீழே காடு தொடர்கிறது, மேலே வண்டி ஓடுகிறது. செலவு கூடுதல், காலமும் கூடுதல். கட்டும்போது கீழே இயந்திரங்கள் போக வழி வெட்டாமலா இருந்திருப்பார்கள், சேதம் இருக்கும்தான். ஆனாலும் இணைப்பு இருக்கிறது.

கிழக்கே வேறு மாதிரி. உக்காய் பெர்டானாவையும் சுங்கை லோங்கையும் இணைக்கும் கிழக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலைக்காக அம்பாங் பக்கத்துக் காப்புக் காடுகளிலிருந்து 100 ஹெக்டருக்கு மேல் பட்டியல் நீக்கப்பட்டது. சுமார் ஒரு லட்சம் ஹெக்டர் உள்ள சிலாங்கூர் மாநிலப் பூங்காவில் நூறு ஹெக்டர் என்ன பெரிது என்று கேட்கலாம்; அப்படித்தான் கேட்டார்கள். இணைப்பைப் பற்றிப் பேசும்போது பரப்பளவு தவறான கணக்கு. சாலை போவது காட்டின் விளிம்பில், நகரத்துக்கும் பெருங்காட்டுக்கும் நடுவே. அந்த விளிம்புக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட சிறு காடுகளுக்கு அது ஒரு மதில். நூறு ஹெக்டரை உள்காட்டில் எங்கோ எடுத்திருந்தால்கூட வளையத்துக்கு இத்தனை நட்டம் வந்திருக்காது.

படிகப் பாறைத் தொடரைப் பற்றி ஒரு வார்த்தை. சுமார் 14 கிலோமீட்டர் நீளம், உலகிலேயே மிக நீளமானது என்று சொல்கிறார்கள். புக்கிட் தாபூர் ஏறினவர்களுக்கு அதன் முதுகு எவ்வளவு ஒல்லி என்று தெரியும். கீழே 1958ல் கட்டிய கிள்ளான் கேட்ஸ் அணை. இயற்கையே வகுத்துக் கொடுத்த பச்சைப் பாதை இது. இதற்கு வரைபடக்காரர் தேவையில்லை. ஆனால் அடிவாரத்தில் இரண்டு பக்கமும் வீடுகள் ஏறிக்கொண்டு வருகின்றன. கெமென்சா பக்கம் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஆற்றோரத்தில் உணவுக்கடை, மேலே தங்கும் விடுதி, அதற்கும் மேலே வெட்டிய செம்மண் சரிவு.

பத்துமலை தனிக்கதை. நாம் முருகனைப் பார்க்கத்தான் ஏறுகிறோம். அந்தச் சுண்ணாம்புக் குன்றின் இருட்டுக் குகையில் மிக அரிதான பொறிக்கதவுச் சிலந்தி ஒன்று வாழ்கிறது. குன்றைச் சுற்றிலும் சாலை, ரயில், தொழிற்பட்டறை. வடக்கே காடு கூப்பிடு தூரத்தில் இருந்தும் தொடர்பு இல்லை. சுண்ணாம்புக் குன்றின் உயிர்களுக்கு எப்படியும் பக்கத்துக் காடு ஒத்துவராது, அதனால் இதை வளையத்தின் கண்ணி என்று கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அதைத் தனியாகக் காக்கவேண்டும்.

கியாரா: வீடா, மரமா என்று கேட்டவர்கள்

மேற்குப் பக்கத்தில்தான் இந்த ஆய்வின் மையம். புக்கிட் கியாரா தோட்டத்தை 1970களில் அரசாங்கம் பொதுநோக்கத்துக்காக எடுத்தது. மரப்பூங்கா வரும் என்பதுதான் பேச்சு. வந்தவை கோல்ஃப் மைதானம், குதிரையேற்றச் சங்கம், இடுகாடு, இன்னும் பல. மிச்சம் இருந்த மலையில் மரம் வளர்ந்தது, மக்கள் நடைபாதை கண்டார்கள், சைக்கிள் ஓட்டினார்கள்.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை 1980களின் தொடக்கத்தில் தற்காலிக நீண்ட வீடுகளில், ரூமா பஞ்சாங் என்பார்களே, அதில் குடிவைத்தார்கள். நிரந்தர வீடு பின்னால் வரும் என்று சொன்னார்கள். பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து, கல்யாணம் கட்டி, பேரப்பிள்ளையும் பார்த்தார்கள். பலகைச் சுவர், துத்தநாகக் கூரை. சுற்றிலும் டிடிடிஐ எனப்படும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலும் மொண்ட் கியாராவும் நாட்டிலேயே விலையேறிய இடங்களாக மாறின.

2017ல் தாமான் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் திட்டம் வந்தது. 25 ஏக்கர் பூங்காவில் 12 ஏக்கர். எட்டு உயரக் கட்டடங்களில் விற்பனைக்கு வீடுகள். தனியே ஒரு மலிவு விலைக் கட்டடம், அதில் நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கு இடம். கவனித்துப் பாருங்கள், என்ன சாமர்த்தியம் இது! சுமார் நூறு குடும்பங்களுக்கு வீடு தருவதற்காக ஆயிரத்தெழுநூறுக்கு மேற்பட்ட ஆடம்பர வீடுகள் கட்டவேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அதை எதிர்த்தவர்களை ஏழை இந்தியர்களின் வீட்டுக்கு எதிரானவர்கள் என்று காட்டுவது எளிதாகப் போயிற்று. அந்தக் குடும்பங்களை அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்களோடு மோதவிட்டார்கள்.

உண்மையில் டிடிடிஐ குடியிருப்பாளர்கள் வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. நீண்ட வீடு இருக்கும் நிலத்திலேயே அவர்களுக்கு நிரந்தர வீடு கட்டுங்கள், பூங்காவைத் தொடாதீர்கள் என்றுதான் கேட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தில் தோற்றது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நகரத்தின் கட்டமைப்புத் திட்டம் என்பது அலமாரியில் வைக்கிற ஆவணம் அல்ல, மேயர் நினைத்தபோது அதை ஒதுக்கிவிட முடியாது என்பது இந்தத் தீர்ப்பின் சாரம். பச்சை வளையம் பேசுகிறவர்களுக்கு இதைவிட வலுவான ஆயுதம் இந்த நாட்டில் இதுவரை கிடைக்கவில்லை என்பேன்.

இணைப்புக் கணக்கில் கியாரா ஏன் முக்கியம்? அதற்கு வடக்கே பெஞ்சாலா இணைப்புச் சாலை சுமார் 700 மீட்டர் சுரங்கத்துக்குள் போகிறது. 2004ல் திறந்தது. மலையை வெட்டிப் பிளக்காமல் அடியில் குடைந்ததால் மேலே பச்சை அறுபடாமல் நிற்கிறது. காட்டுயிர்களுக்காக அப்படிக் கட்டினார்கள் என்று நான் சொல்லமாட்டேன், சரிவு செங்குத்து, வேறு வழி இல்லை. காரணம் எதுவானாலும் நமக்கு ஒரு பாலம் கிடைத்திருக்கிறது. சிங்கப்பூர்க்காரர்கள் 2013ல் புக்கிட் தீமா நெடுஞ்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் மண் போட்டு மரம் நட்டு ஒரு பாலம் கட்டி இரண்டு காடுகளைச் சேர்த்தார்கள். நம்மிடம் இயற்கையாகவே அப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் சுரங்கத்தின் இரண்டு வாய்ப் பக்கமும் அடுக்குமாடிகள் நெருக்குகின்றன. மேலே இருக்கிற சரிவுக்கு என்ன சட்டப் பாதுகாப்பு என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வராது. இணைப்புப் பட்டியல் என்று ஒன்று போட்டால் முதல் வரியில் இதைத்தான் எழுதுவேன்.

தெற்கே தீவு

ஆயர் ஹீத்தாம் காப்புக் காட்டின் நிலை வேறு. 1906ல் நாலாயிரம் ஹெக்டருக்கு மேல் இருந்தது, இப்போது சுமார் 1,200. புத்ரா பல்கலைக்கழகம் அதைப் பார்த்துக்கொள்கிறது. உள்ளே தாப்பிர் என்னும் பன்றி போன்ற பெரிய காட்டு விலங்கு உண்டு. நான்கு பக்கமும் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகள், நெடுஞ்சாலை. வெளியே போக வழி இல்லாத தாப்பிர் கூட்டத்துக்குக் காலப்போக்கில் என்ன நடக்கும் என்று மேலே சொன்னேன். இங்கே பழைய இணைப்பை மீட்பது நடக்காத காரியம். சைபர்ஜெயா, புத்ராஜெயா பக்கம் ஆற்றோரமாக ஒரு மெல்லிய வழி பிடிக்கலாம், பறவைக்கும் சிறு மிருகத்துக்கும். தாப்பிருக்கு ஆகாது. வரைபடத்தில் ஒரு பச்சை அம்புக்குறி போட்டு எல்லாம் சேர்ந்துவிட்டதாகக் காட்டுவதைவிட இதை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.

கம்பியும் கால்வாயும்

ஃப்ரிம் வேலிக்கு வெளியே, தாமான் வீடுகளின் பின்சந்தில் காலையில் நின்றால் ஒரு காட்சி கிடைக்கும். நீளவால் குரங்குகள் குப்பைத் தொட்டியை முடித்துவிட்டு தார்ச்சாலையைச் சாவகாசமாகக் கடந்து போகும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் குரங்கு அப்படிச் செய்யாது. அது இலை தின்கிற சாதி, மரத்தைவிட்டு இறங்கக் கூசும். மரம் முடிகிற இடத்தில் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்தைப் பார்க்கும், கிளையைக் குலுக்கும், பின்வாங்கும். தொலைபேசிக் கம்பி இருந்தால் அதைப் பிடித்து ஒவ்வொன்றாகப் போகும். குட்டியைச் சுமந்த தாய்தான் கடைசியில் தயங்கி நிற்கும். மின்கம்பியாக இருந்தால் கதை வேறு. இறங்கி ஓடினால் வண்டி. அந்தச் சாலையின் அகலம் கூடிப்போனால் பத்து மீட்டர். இரண்டு பக்கத்து மரமும் மேலே கைகோத்திருந்தால் அங்கே பிரச்சினையே இல்லை.

பினாங்கில் தெலுக் பஹாங் சாலையின் குறுக்கே 2019ல் பழைய தீயணைப்புக் குழாய்களை முறுக்கி ஒரு விதானப் பாலம் கட்டினார்கள். பினாங்கு லங்கூர் திட்டம் என்ற குழுவின் வேலை. லோத்தோங்குகள் அதைப் பயன்படுத்துகின்றன. பெரிய நெடுஞ்சாலைக்கு இது போதாது, உள்சாலைகளுக்குத் தாராளமாகப் போதும். கோடிகளில் யோசிக்கிறவர்கள் இப்படிப்பட்டவற்றை வரவுசெலவில் எழுதக் கூச்சப்படுகிறார்கள் போலும்.

காட்டை அடுத்துச் சமவெளிக்கு வந்தால் இணைப்பு ஆற்றின் கையில். கெப்போங் மாநகரப் பூங்காவுக்குப் பட்டம் விடப் போகிறவர்கள் அந்த ஏரியை அழகுக்காக வெட்டியது என்று நினைக்கலாம்; அது வெள்ளத் தடுப்புக் குளம். பத்து, ஜிஞ்சாங் குளங்களும் அப்படித்தான்: கோம்பாக் ஆற்று வெள்ளத்தைப் பத்து குளத்துக்கும், கெரோ ஆற்றின் வெள்ளத்தை ஜிஞ்சாங் குளத்துக்கும் திருப்பி, உச்ச நீர் நகர நடுவே போகாமல் பிடித்து வைக்கிறார்கள். மழை விட்டதும் மெதுவாகத் திறக்கிறார்கள். காட்டிலிருந்து நகரத்துக்குள் படிப்படியாக இறங்கும் பச்சைக்கு இந்தக் குளங்கள் அருமையான தங்குமிடங்கள். ஆனால் குளத்து நிலங்களின் பகுதிகள் வேறு பயன்பாட்டுக்குக் கைமாறியதைத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையே சுட்டிக்காட்டியது. குளம் பார்க்கக் காலி இடமாகத்தான் தெரியும், வெள்ளம் வருகிற நாள் வரை.

ஆற்றோரத்துக்கு விதி உண்டு. வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில் ஆற்றின் அகலத்துக்கு ஏற்ப இரு கரையிலும் ஒதுக்கு நிலம்: 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்குக் கரைக்கு 50 மீட்டர், 10 முதல் 20 மீட்டர் ஆற்றுக்கு 20 மீட்டர், ஐந்துக்கும் குறைந்த ஓடைக்கு 5 மீட்டர். எழுத்தில் இது போதுமான பச்சைப் பாதை. நேரில் பார்த்தால் பல இடங்களில் சிமெண்டுக் கால்வாயும் அதை ஒட்டிய சுவரும்தான். 2011ல் தொடங்கிய ஆற்றுப் புனரமைப்புத் திட்டம் மஸ்ஜித் ஜாமெக் பக்கம் விளக்கும் நீரூற்றும் போட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கெப்போங் மேட்டில் கால்வாயோரம் நிழல் மரம் வைக்க அதில் பணம் ஒதுக்கியிருந்தால் வளையத்துக்கு அதிகம் உதவியிருக்கும்.

மின்கோபுரப் பாதைகளையும் சிலர் இணைப்பாகக் காட்டுகிறார்கள். கம்பிக்கு அடியில் உயர்ந்த மரம் விடமாட்டார்கள். புதரும் புல்லும் தாங்குகிற உயிர்களுக்கு அது பாதை, லோத்தோங்குக்கு அல்ல. பாதிக் கணக்கு போடலாம், முழுக்கணக்கு வேண்டாம்.

யார் கையில் இருக்கிறது

இதில்தான் தலைவலி. காடும் நிலமும் மாநில அதிகாரம், அதாவது சிலாங்கூர். கோலாலம்பூருக்குள் நிலம் கூட்டரசின் கையில், அனுமதி மாநகர் மன்றத்தின் கையில். நெடுஞ்சாலை ஒரு வாரியம், ஆறு ஒரு துறை, வனவிலங்குக்குப் பெர்ஹிலித்தான் என்ற துறை, மின்பாதை மின்வாரியம். பச்சை வளையம் இந்த எல்லாருடைய மேசையிலும் இருக்கிறது, ஆனால் யாருடைய முதல் வேலையும் அது இல்லை.

சிலாங்கூரில் நல்ல சட்டம் ஒன்று உண்டு. 2011 திருத்தத்தின்படி காப்புக் காட்டைப் பட்டியல் நீக்குவதற்கு முன் பொது விசாரணை நடத்தவேண்டும். கோலா லங்காட் வடக்குக் காப்புக் காட்டை நீக்க 2020ல் அறிவிப்பு வந்தபோது எதிர்ப்புக் குவிந்தது. அப்படியும் 2021 ஆகஸ்டில் 500 ஹெக்டருக்கு மேல் நீக்கினார்கள், செப்டம்பரில் கிளம்பிய கண்டனத்தில் அதை ரத்து செய்தார்கள். ஆனால் 2022ல் புக்கிட் செராக்கா காட்டின் ஒரு பகுதி 2000ஆம் ஆண்டிலிருந்தே நீங்கியதாக முன்தேதியிட்டு அரசிதழில் வந்தது. சட்டம் 2011ல்தானே வந்தது, அதற்கு முந்திய தேதிக்கு விசாரணை எதற்கு? புத்திசாலிகள்.

மாநிலத்தைக் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. நிலத்தை விற்றால், பிரீமியம் வாங்கினால்தான் மாநில கஜானாவுக்கு வரவு. காட்டை வைத்திருந்தால் செலவு. இதைச் சரிக்கட்ட 2019 வரவுசெலவிலிருந்து கூட்டரசு, காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு ஒதுக்கீடு தருகிறது. முதலில் 60 மில்லியன் ரிங்கிட், 2025ல் 250 மில்லியன். எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. கிள்ளான் பள்ளத்தாக்கு நிலவிலைக்கு முன்னால் அது பாக்கெட் காசு. அதோடு, அந்தப் பணம் அறிவிக்கப்பட்ட காட்டைக் கணக்கில் எடுக்கிறது; ஓடையோரத்து ஐம்பது மீட்டர் இணைப்பைக் காப்பாற்றியதற்கு யார் தருவார்கள்?

செய்யக்கூடியது

கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2040 ஆளுக்கு 20 சதுர மீட்டர் திறந்தவெளி என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் அந்தக் கணக்கில் ஒரு கூரைத் தோட்டமும் சேரும், ஒரு மலைச்சரிவும் சேரும். இணைப்புக்கு அளவுகோல் வேறு: எங்கே மிகவும் ஒடுங்குகிறது, அங்கே அகலம் எத்தனை, உரிமை யாருடையது, என்ன சட்டத்தின் கீழ் இருக்கிறது, யார் குடியிருக்கிறார்கள். வளையம் முழுவதுக்கும் இப்படி இருபது முப்பது இடங்கள்தான் தேறும் என்பது என் மதிப்பீடு. ஆயிரம் பக்கத் திட்ட அறிக்கை வேண்டாம், ஒரு நீளமான அட்டவணை போதும்.

அரசு நிலமாக இருக்கும் இணைப்புகளைத் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 62ஆம் பிரிவில் பொதுநோக்க ஒதுக்கீடாக அரசிதழில் போடலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அதன் பலம் என்னவென்றால், பின்னால் ரத்து செய்ய நினைத்தால் விசாரணை நடத்தவேண்டும். சத்தமில்லாமல் கைமாற்ற முடியாது. தனியார் நிலமாக இருந்தால் வாங்கவேண்டும், அல்லது அடர்த்தியை வேறிடத்தில் கூட்டிக் கொடுத்து இங்கே ஒரு பட்டையை விட்டுக்கொடுக்கச் சொல்லவேண்டும். காட்டைப் பார்த்த வீடு என்று விளம்பரம் போட்டு விற்கிறவர்களிடம் அந்தக் காட்டுக்குக் கொஞ்சம் இடம் கேட்பதில் தப்பில்லை.

இணைப்பில் மக்கள் குடியிருந்தால் அவர்கள் வீட்டை முதலில் முடிக்கவேண்டும், அதே இடத்தில் அல்லது நடந்துபோகும் தூரத்தில், தாழ்வாகவும் நெருக்கமாகவும். கியாரா காட்டியது இதுதான்: நாற்பது ஆண்டு தள்ளிப்போட்ட வீட்டுப் பிரச்சினை, பூங்காவை விழுங்க வருகிறவருக்குக் கையில் கிடைத்த சாவி. காட்டுப் பக்கம் நிற்கிற அமைப்புகள் வீட்டுப் பட்டா பற்றியும் பேசினால் அந்தச் சாவி யாருக்கும் பயன்படாது. தெமுவான் பூர்வகுடிகளின் ஊர்களுக்கும் இதே நியாயம்தான்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இணைப்பு வந்தால் குரங்கும் பன்றியும் மலைப்பாம்பும் வரும். அடுக்குமாடியில் மூன்றாவது மாடிச் சன்னலில் குரங்கு நின்றால் வீட்டுக்கார அக்காவுக்குப் பச்சை வளையத்தின் மகிமை புரியாது, கோபம்தான் வரும். மூடியுள்ள குப்பைத் தொட்டியும் ஒழுங்கான குப்பை வண்டியும் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. அதைச் சேர்க்காமல் போட்டால் முதல் மனு குடியிருப்பாளர் சங்கத்திலிருந்துதான் வரும்.

எங்கே தொடங்குவது? என் கருத்தில் கியாராவும் பெஞ்சாலா சுரங்கத்துக்கு மேலே உள்ள சரிவும். அங்கே நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருக்கிறது, மலையின் பெரும்பகுதி அரசாங்கத்தினுடையது, காவலுக்குச் சலிக்காத குடியிருப்பாளர்கள் இருக்கிறார்கள். அடுத்தது கெமென்சா. அது சிலாங்கூர் பக்கம், அதனால் இரண்டு அரசுகளும் ஒன்றாக உட்காரவேண்டும். 2025ல் அரசிதழில் வந்த கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டத்தின் வரைபடம் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது. சிலாங்கூர் ஊராட்சி மன்றங்களின் வரைபடங்கள் அதே கோட்டிலிருந்து அந்தப் பக்கம் தொடங்குகின்றன. இரண்டு தாள்களையும் ஒரே மேசையில் ஓரத்தோடு ஓரம் வைத்து, ஒரு பக்கம் பச்சையாகவும் எதிர்ப்பக்கம் வீடமைப்பாகவும் தீட்டியிருக்கும் இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட ஒரு நாள் போதும். அந்த வட்டங்கள்தான் அட்டவணையின் முதல் வரைவு.